மலையில் போட்ட சோறும் உன் அறிக்கையின் ஒரு வரியும்

தர்ஷி,

நீ கோபத்தோடு போனை வைத்துவிட்டாய். வைத்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. வாழ்நாளெல்லாம் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவன் நான். இடையில் வாய் திறக்காத மாணவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு உட்கார். முழுவதையும் வாசி. அதற்குப் பிறகும் கோபம் இருந்தால் தாராளமாகக் கோபப்படு, நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் திருப்பிச் சொல்லப் போகிறேன். சலித்துக்கொள்ளாதே. நம் லயங்களிலிருந்து, இந்த வரிசை வீடுகளிலிருந்து, இப்போது எத்தனையோ பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள், நாளைக்கு அவர்களும் உன்னைப் போல அறிக்கை எழுதும் மேசைக்கு முன்னால் உட்காருவார்கள். கேட்டால் அவர்களுக்கும் இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுப்பேன். வட்டவளைக்கு மேலே நம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மத்தியானம் மலையிலிருந்து லயத்துக்கு இறங்கி வந்து, இரண்டு வாய் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்கத் திரும்பவும் ஏறுகிறார்கள். மலைக்கே சுடுசோறு கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் பறிக்கும் கொழுந்து கூடுமா என்று பார்க்க உன்னுடைய ஆய்வு நிறுவனம் விரும்பியது. நீ வந்தாய். காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், எல்லாருடைய பெயரையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினாய். பாதிப் பேருக்குச் சோற்றுச் சீட்டு விழுந்தது, பாதிப் பேருக்கு விழவில்லை. உன் சரோ சித்திக்கு விழுந்தது. அவளுடைய பக்கத்து நிரையில் நிற்கும் மல்லிகாவுக்கு விழவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொருத்தியின் கொழுந்தும் நிறுக்கப்பட்டு எழுதப்பட்டது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், சீட்டு விழுந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. சற்றுத்தான். சோறு ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் இப்படி ஒரு சிறு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்று உன் கணினி சொன்னது. அதைத்தான் நீங்கள் புள்ளிவிபரவியல் முக்கியத்துவம் இல்லை என்கிறீர்கள். இதுவரைக்கும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அடுத்த வரியில் வருகிறது. உங்கள் திட்டப் பொறுப்பாளர், நீ ‘சேர்’ என்று சொல்பவர், அறிக்கையின் சுருக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாரே: “மலையில் வழங்கிய உணவால் எந்தப் பயனும் இல்லை. திட்டத்தை நிறுத்தலாம்.” அதற்குக் கீழே அவர் பெயர். அதற்குப் பக்கத்தில் உன் பெயர்.

திங்கட்கிழமை அந்த அறிக்கை போகிறது. அந்த வரியோடு அதைப் போகவிடாதே. இதைச் சொல்லத்தான் போன் எடுத்தேன், இதையேதான் இங்கும் எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். வேலை தொடங்கிய காலத்தில் வீட்டுக்கு வந்திருந்தாய். நல்ல மழை. நம் ஊர் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. உன் அம்மா அடுப்படியிலிருந்து, ரயிலைப் பற்றி, “கோச்சி போயிருச்சா?” என்று கேட்டாள். நான், “இன்னும் வரல்ல” என்றேன். நீ சிரித்தாய். “அப்பா, வரல்லன்னு எப்பிடிச் சொல்றீங்க? கேக்கல்லன்னு சொல்லுங்க. இந்த மழையில கோச்சி வந்தாலும் உங்களுக்குக் கேக்காது” என்றாய். பிறகு ஒரு தாளை எடுத்து, ஆய்வின் வலு என்றால் என்ன என்று எனக்கு விளக்கினாய். இருக்கிற ஒன்றை இருக்கிறது என்று கண்டுகொள்ளும் சக்திதான் வலு. ஆட்கள் குறைவாக இருந்தால், நாளுக்கு நாள் அளவு ஏறி இறங்கினால், தேடுகிற பயன் சிறியதாக இருந்தால், வலு குறையும். வலு குறைந்த ஆய்வு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இவ்வளவையும் நீ சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கு இதை விளக்கினேன், பாவம், அவர் கினிகத்தேனையில் இறங்க வேண்டியவர், அதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

உன் ஆய்வுக்கு வலு குறைவு என்பது உனக்கு முதல் நாளே தெரியும். கந்தப்பளைப் பக்கமும் நோட்டன் பிரிட்ஜ் பக்கமும் இன்னும் பல தோட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்று நீ கேட்டாய். செலவு கூடும், ஒரு தோட்டம் போதும் என்று மேலே இருந்தவர்கள் வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு என்னிடம் புலம்பினாய். “ஒரு தோட்டத்த வச்சு என்னத்தப்பா பாக்குறது? ஒரு கெழம மழை பேஞ்சா எல்லாக் கணக்கும் ஆடிப்போகும்” என்றாய். அப்படியேதான் ஆயிற்று. மழை பெய்த கிழமைகளில், வாரம் முழுக்க, சீட்டு விழுந்தவளும் விழாதவளும் ஒரே மாதிரி நனைந்துகொண்டு நின்றார்கள், வெயில் கிழமையில் கொழுந்து பொங்கியது. அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரு சாப்பாட்டின் பயனைத் தேடினீர்கள். தேடும் கருவியைச் சின்னதாக வெட்டியவர்களே இப்போது கருவிக்கு ஒன்றும் அகப்படவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது, தர்ஷி. மறைக்கவில்லை.

“எல்லாரும் இப்பிடித்தாம்பா எழுதுறாங்க. வாசிக்கிறவங்களுக்கு ஒரு வரிதான் வேணும்” என்று நீ சொன்னாய். அந்த ஒரு வரி இங்கே எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்று கேள். அறிக்கை இன்னும் போகவில்லை, ஆனால் அதன் சேதி மலை ஏறிவிட்டது. யார் சொன்னார்களோ, தோட்டத்து ஒபிசுக்குத் தெரிந்திருக்கிறது. போன கிழமை மத்தியான நிறுவையில், தராசுக்குப் பக்கத்தில் நின்று கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “சோறு போட்டுப் பாத்தாச்சு. இவளுகளுக்குக் கை ஓடாது. கொழும்புலேருந்து ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டாங்க.” அவர் பொல்லாத மனுசன் இல்லை. உங்கள் வரியை அவர் தன் பாஷையில் மொழிபெயர்த்திருக்கிறார், அவ்வளவுதான். நீ ‘எந்தப் பயனும் இல்லை’ என்று எழுதினால் மலையில் அதற்கு, தின்றுவிட்டும் வேலை செய்யாதவர்கள் என்று அர்த்தம். சம்பளம் கூட்டிக் கேட்கும் நாளில் இந்த வரியை எடுத்து மேசையில் போடுவார்கள். துரைமார் மாறுவார்கள், கொம்பனி கைமாறும், வரி மாறாது. யாரோ ஒரு கொழும்புப் பிள்ளை எழுதியது என்று தள்ளிவிடவும் முடியாது. கொழுந்தெடுத்தவளின் மகளே எழுதியிருக்கிறாள் என்று காட்டுவார்கள்.

இப்போது உன் அம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன். வேலையை விட்டு வீட்டோடு இருந்தாலும் மலையில் நடப்பது ஒன்றும் அவள் காதுக்குத் தப்பாது என்று உனக்குத் தெரியும். நீ போனில் முடிவைச் சொன்னதும் நான் முகம் வாடி உட்கார்ந்திருந்தேன். அவள் காரணம் கேட்டாள். சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “என்னங்க கூத்து இது! சோத்த பிரிச்சுத் திங்கக் கூடாதுன்னு ஒரு ஆள வச்சுக் காவல் காத்தாங்க. கொழுந்துக்கு யாரு காவல் நின்னது? சீட்டு விழுந்தவளும் விழாதவளும் பக்கத்துப் பக்கத்து நிரையிலதான நிக்கிறாளுக. சரோவுக்குக் கூடுதலா வந்தா மல்லிகா கூடையில ரெண்டு புடி போடாம வீட்டுக்கா கொண்டு போவா?” என்றாள். குறித்த கிலோ வராதவளுக்கு அரை நாள் சம்பளம்தான் என்பதும், அப்படி யாராவது பின்தங்கினால் நிறுவைக்குப் போகும் வழியில் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு ஒரு பிடி அவள் கூடையில் போட்டுக் கிலோவை நிரப்பிவிடுவதும் இந்த மலைகளில் காலகாலமாக நடப்பது. யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. கொடுத்ததைத் திருப்பிச் சொல்லிக்காட்டுவதும் இல்லை. நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அதனால்தான் ஆய்வை வகுத்தபோது நம் மூவரில் ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

நீயே அப்படி வளர்ந்தவள். உனக்குப் பல் முளைக்கும் காலத்தில் காய்ச்சலும் பேதியுமாக இழுத்துக்கொண்டது. எனக்கு அப்போது ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை, ஹட்டனில் ஒரு கடையில் நின்றேன். உன் அம்மா உன்னை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். நீ பால் குடிக்கவில்லை, அழுகிறாய் என்று ஆள் வரும். இறங்கி ஓடி வருவாள், உன்னைத் தேற்றிவிட்டு ஏறி ஓடுவாள். அந்த ஓட்டத்தில் கிலோ எப்படி வரும்? ஆனாலும் அந்த மாதம் முழுக்க அவளுக்கு ஒரு நாள் கூட அரைச் சம்பளம் விழவில்லை. சரோவும் இன்னும் நாலைந்து பேரும் போட்ட பிடிகள் அவை. அதில் ஒருத்திக்கும் உன் அம்மாவுக்கும் அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது, தண்ணீர்க் குழாயடியில் ஏதோ சண்டை. பேசாமலே வந்து கொழுந்தைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாளாம். உன் அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், “அவ திமிர் அவளுக்கு, எம் புள்ள எனக்கு” என்று முடிப்பாள்.

உன்னிடம் இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? “அது ரெண்டு புடி கொழுந்துப்பா. அத வச்சு ஆய்வே தப்புன்னு சொல்ல முடியாது.” சரி மகளே. ஆனால் நீங்கள் தேடிக்கொண்டிருந்ததும் அதே இரண்டு பிடிதானே? ஒரு சாப்பாடு சாப்பிட்டவள் மலையையே பறித்துக் கொட்டிவிடப் போவதில்லை. நடையும் களைப்பும் மிச்சமாகி, மத்தியானத்துக்குப் பிறகு சற்றுக் கூடப் பறிப்பாள். அந்தச் சற்று, சீட்டு விழாதவளின் கூடைக்குப் போனால் என்ன ஆகும்? சாப்பிட்டவளின் கணக்கு இறங்கும், சாப்பிடாதவளின் கணக்கு ஏறும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் தேயும். உங்கள் தராசில் விழுந்தது ஒவ்வொருத்தியும் பறித்தது அல்ல, எல்லாருமாகச் சேர்ந்து நிரவியது. ஏற்கெனவே வலு குறைந்த ஆய்வு, அதிலும் வித்தியாசத்தைக் கரைத்துவிடுகிற பழக்கம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பயன் இல்லை என்று சத்தியம் பண்ண உனக்கு எப்படி மனம் வருகிறது?

அதற்காகச் சோறு நிச்சயம் பயன் தந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என் வாயில் அதைப் போடாதே. சரோவும் மல்லிகாவும் எத்தனை பிடி மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சோறு இல்லாமலும் இந்தப் பிடிகள் கைமாறியிருக்கும். உண்மையில் சோற்றால் ஒன்றும் கூடாமலே இருந்திருக்கலாம். தெரியாது என்பதுதான் நான் சொல்வது. கணக்கு ஆசிரியனுக்குத் தெரியாது என்று சொல்வதில் வெட்கம் வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்ல வெட்கப்பட்டவர்களோடு ஒரே அறையில் தேத்தண்ணி குடித்தவன் நான்.

இனி, நீ தயங்கித் தயங்கிச் சொன்ன அந்த மற்ற விசயம். உன்னோடு வேலை செய்யும் பிள்ளை ஒன்று கணக்குகளைப் பலவிதமாக வெட்டிப் பார்த்திருக்கிறது. வயதுப்படி, கிழமைப்படி, மலைப்படி, பிள்ளை உள்ளவர் இல்லாதவர் என்று வெட்டிக்கொண்டே போனதில், கைக்குழந்தைக்காரிகளுக்கு வெயில் கிழமைகளில் மட்டும் சோறு நல்ல பயன் தந்தது போல வந்துவிட்டதாம். முக்கியத்துவக் கோட்டையும் தாண்டிவிட்டதாம். அதை மட்டும் எடுத்துப் பெரிதாக எழுதினால் திட்டத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நீ சொன்னாய். போன் சத்தமாக இருந்ததில் உன் அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. “அப்ப அதையே எழுதச் சொல்லுங்க. எதுவா இருந்தா என்ன, பொம்பளைங்களுக்குச் சோறு கெடைக்கும்ல” என்றாள். நான் மாட்டேன் என்றதும் அவளுக்கு வந்ததே கோபம். “ஒங்களுக்குச் சோத்தவிட கணக்குப் பெருசு” என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளாக என்னோடு சரியான பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வருகிறது, தட்டு வைக்கும் சத்தத்தில் கோபமும் வருகிறது.

அவளுக்கு நான் சுமதியின் கதையைச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். ஒரு நாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி நிறுத்தி, ஆளுக்கொரு காசைக் கொடுத்துச் சுண்டச் சொன்னேன். பூ விழுந்தவர்கள் உட்கார வேண்டும், தலை விழுந்தவர்கள் மறுபடியும் சுண்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழப் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் சுமதி என்ற பிள்ளை மட்டும் நின்றாள். யாராவது ஒருவர் கடைசி வரை நிற்பது பெரிய அதிசயம் இல்லை, அத்தனை பேர் சுண்டினால் அப்படித்தான் வரும் என்று விளக்கத்தான் அதைச் செய்தேன். விளக்கத்தை யார் கேட்டார்கள்? சுமதிக்கு அருள் இருக்கிறது என்று பாடசாலை முழுக்கப் பரவிவிட்டது. சோதனை எழுதப் போகும் முன் அவளைச் சுண்டச் சொல்லிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எங்கள் பாடசாலை அதிபர் கூட யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளைக் கூப்பிட்டு, தனக்கு இடமாற்றம் கிடைக்குமா என்று சுண்டச் சொன்னார். தலை விழுந்தது. மனுசன் சந்தோசத்தில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். இடமாற்றம் கிடைக்கவேயில்லை.

அந்தக் கைக்குழந்தைக்காரிகளின் வெயில் கிழமையும் கடைசிவரை நின்ற சுமதி மாதிரிதான். அத்தனை விதமாக வெட்டினால் ஏதாவது ஒரு துண்டு கோட்டைத் தாண்டத்தான் செய்யும். இருபதில் ஒரு தடவை தற்செயலாகவே தாண்டும் என்று ஒத்துக்கொண்டுதானே கோட்டையே போட்டிருக்கிறீர்கள்? அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த ஆய்வில் முன்கூட்டியே சொல்லிவைத்து அதை மட்டும் தேடிப் பாருங்கள். இப்போது அதை மட்டும் எடுத்து, மற்ற வெட்டுகளை ஒளித்து எழுதினால், நாளைக்கு யாராவது கெட்டிக்காரர் கேள்வி கேட்பார். அன்றைக்குச் சோறும் போகும், அதற்குப் பிறகு நீ உண்மையைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பொய்யால் கிடைக்கும் சோற்றைப் பொய் என்று காட்டிப் பிடுங்குவது சுலபம். உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் சுமதியின் கதைக்குச் சிரித்தாள், வடை எனக்குக் கிடைத்ததா என்று கேட்டாள்.

உன் நிலைமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அடுத்த மாதம் நீ மேற்படிப்புக்கு வெளிநாடு போகவேண்டும். அதற்கு அந்தச் சேரின் பரிந்துரை வேண்டும். அவரோடு ஒரு வரிக்காகச் சண்டை போட்டால் பரிந்துரை என்ன ஆகும் என்று நீ பயப்படுகிறாய். பயப்பட வேண்டிய விசயம்தான். ஹட்டனில் அந்த விடுதியில் அட்டையும் குளிருமாக இருந்து படித்தாய். நம் வீட்டில் ஒரு கையால் மெழுகுதிரியைப் பிடித்து மறுகையால் எழுதினாய். இந்த வாசல் வரை வந்திருக்கிறாய். நான் தகப்பன், உள்ளே போ என்று தள்ளிவிடத்தான் கை துடிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: போய்ச் சேரிடம் நேரில் பேசு. மரியாதையாகப் பேசு, தணிந்து போகாதே. நீயும் அவரும் சேர்ந்து போட்ட திட்டத்தில் எவ்வளவு பேர் வேண்டும் என்று முதலில் கணக்கிட்டீர்கள், கடைசியில் எவ்வளவு பேர் கிடைத்தார்கள் என்பதை எடுத்து வை. உங்கள் முடிவு சின்ன நட்டத்திலிருந்து பெரிய பயன் வரை எதற்கும் இடம் விடுகிறது என்பதைக் காட்டு. அவர் படித்தவர், கேட்கவும் கூடும். கேட்கவில்லை என்றால் உன் பெயரை எடுத்துவிடச் சொல். பயணம் ஒரு வருடம் தள்ளிப்போகட்டும். வீட்டில் உனக்கு ஒரு பாய் இல்லாமல் போய்விடவில்லை. இங்கே இருந்துகொண்டு வேறு இடங்களுக்கு எழுதிப் போடு, வேறு யாரிடமாவது பரிந்துரை கேள். நான் அந்த ஒரு வருடத்தை உன்னோடு இருந்து தாண்டுவேன். ஆனால் அந்த வரிக்குக் கீழே உன் பெயரைப் பார்த்துக்கொண்டு இந்த லயத்தில் நடமாட என்னால் முடியாது.

அந்த வரிக்குப் பதிலாக என்ன எழுதுவது என்று நீ கேட்பாய். இப்படி எழுது: மலையில் உணவு வழங்கியதால் கொழுந்து கூடியதா இல்லையா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. ஆய்வு அதற்குப் போதிய அளவு பெரியதல்ல. மேலும், பெண்கள் தம்முள் கொழுந்தைப் பகிர்ந்துகொள்வதால் இரு பிரிவினருக்கும் இடையிலான வித்தியாசம் உண்மையைவிடச் சிறியதாகத் தெரிய இடமுண்டு. பயன் இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த முறை ஆள் ஆளாகச் சீட்டுக் குலுக்காமல் மலை மலையாகக் குலுக்க வேண்டும். ஒரு மலைக்கு முழுக்கச் சோறு, இன்னொரு மலைக்கு முழுக்க இல்லை என்று பிரித்தால், பிடி கைமாறினாலும் மலைக்குள்ளேயே இருக்கும். அதற்கு இன்னும் எத்தனையோ மலைகள் வேண்டும், செலவு கூடும் என்று நீயே சொல்வாய். கூடட்டும். உண்மையைத் தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் செலவழிக்கட்டும், விருப்பம் இல்லையென்றால் தெரிந்துகொண்டது போல் பேசாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவை. உங்கள் கணக்குச் சுத்தமாக வரவேண்டும் என்பதற்காக அந்தப் பெண்களிடம் கொழுந்து கொடுக்காதீர்கள் என்று யாரும் போய்ச் சொல்லக் கூடாது. ஆய்வு அவர்களைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் உனக்கு எழுதும் முன், இதனால் யாருடைய சோறு போகுமோ அவளிடம் கேட்காமல் எழுதுவது நியாயமில்லை என்று தோன்றியது. நேற்று வேலை விட்டு வந்த சரோவை வாசலில் நிறுத்தினேன். தலையில் போட்ட சாக்கைக் கூட அவள் இறக்கவில்லை, மழை அப்போதுதான் விட்டிருந்தது. விசயத்தை ஒளிக்காமல் சொன்னேன். நான் எழுதச் சொல்லும் வரியை நீ எழுதினாலும், இந்த மாதத்தோடு மலைச் சோறு நின்றுபோகக் கூடும் என்றேன். அந்தக் கைக்குழந்தைக்காரி விசயத்தையும் சொன்னேன், அதை எழுதினால் தொடரக்கூடும் என்று. உன் அம்மாவும் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

சரோ குனிந்தாள். காலில் ஏறிய அட்டையை நகத்தால் தள்ளிவிட்டாள்.

“அந்தத் துண்டு துண்டா வெட்டுனது வேணாம் மச்சான். நாளைக்கு அதுவும் பொய்யின்னு ஆனா எங்க மூஞ்சியிலதான் துப்புவாங்க” என்றாள். பிறகு கேட்டாள்: “தெரியலன்னு எழுதுனா, திரும்ப வந்து பாப்பாங்களா?”

“பாக்கலாம். பாக்காமலும் போகலாம்” என்றேன்.

“பயனில்லன்னு எழுதுனா?”

“யாரும் திரும்பி வரமாட்டாங்க.”

அவள் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப தெரியலன்னே எழுதச் சொல்லுங்க” என்றாள்.

உன் அம்மா அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவர உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்து, “நின்னுக்கிட்டு இருக்காம போய் எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன், மகளே. இனி நீ எழுது.

உன் அப்பா